உயரம் இல்லாத நாய்

அன்று அந்த மைதானத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. நாய்த் தடையோட்டக் கூட்டமைப்பின் தலைவர் இருந்தார். அளவை அதிகாரி தன் மர அளவுகோலோடு இருந்தார். நடுவர் இருந்தார், டீ குடிக்கப் போன நேரம் தவிர. ஏழு வருஷமாக ஒரே தொப்பியோடு போட்டிக்கு வருவதால் தொப்பிக்காரர் என்று பெயரெடுத்தவர் இருந்தார்; அவருடைய பெரிய நாயும் இருந்தது. தையல் வேலை செய்யும் அம்மா, அவருடைய தம்பியான வேன் ஓட்டும் மாமா, அம்மாவின் கடைசி மகள் சின்னவள், இந்த மூவரும் ஒரு குடும்பமாக வந்திருந்தார்கள். இவர்கள் போக மற்றப் போட்டியாளர்கள் பதினொரு பேர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல் இல்லை.

சின்னவளின் நாய் கடுகு அங்கே இருந்தானா இல்லையா என்பதில்தான் கூட்டமைப்புக்கும் அந்தக் குடும்பத்துக்கும் கருத்து வேறுபாடு.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மைதானத்தில் இருபது தடைகளை வைத்திருப்பார்கள். தாண்டக் கம்பிகள், நுழைந்து வெளியேற ஒரு நீளக் குழாய், ஏறி இறங்கக் கூரை போல் சாய்த்த பலகை, நூல் கோத்த மாதிரி நெளிந்து நெளிந்து போகப் பன்னிரண்டு கம்பங்கள், ஏறி ஐந்து விநாடி சும்மா இருக்க ஒரு மேசை. எண் வரிசைப்படி நாய் ஓட வேண்டும். கூட ஓடுகிறவர் கையாலும் குரலாலும் வழி காட்டலாம், தொடக் கூடாது. கம்பி விழுந்தால் ஐந்து பிழை. தடை முன்னால் தயங்கி நின்றாலும் ஐந்து பிழை. பலகையின் அடியில் பூசிய மஞ்சள் பட்டையை மிதிக்காமல் தாவினாலும் அப்படியே. ஒரு பிழையும் இல்லாமல் ஓடி முடித்தால் நாயின் பதிவட்டையில் ஒரு முத்திரை குத்துவார்கள்.

கடுகின் அட்டையில் இரண்டு முத்திரை இருந்தது. மூன்று இருந்தால் இளையோர் அணியில் இடம். அணியோடு பன்னாட்டுப் போட்டிக்குப் போகலாம். சின்னவளுக்கு மறுநாள் பதினெட்டு வயது முடிகிறது. அதோடு இளையோர் பிரிவு அவளுக்கு மூடிவிடும்; அதற்கு முன் அணியில் இடம் பிடித்தவர்கள் மட்டும் பன்னாட்டுப் போட்டி வரை நீடிக்கலாம். பெரியவர் பிரிவில் முதல் படியிலிருந்து ஏற நான்கு வருஷம் ஆகும். கடுகுக்கு இப்போதே ஏழு வயது. நான்கு வருஷம் கழித்து அவன் கம்பியைத் தாண்ட மாட்டான், கம்பியின் நிழலில் படுத்துக்கொள்வான். ஆகவே அன்று இல்லாவிட்டால் என்றும் இல்லை. இது அவளுக்குத் தெரியும். காலை ஐந்து மணியிலிருந்து அவள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. வேனில் வரும்போதும் முழங்கால் ஆடிக்கொண்டே வந்தது. பக்கத்தில் கடுகும் ஆடிக்கொண்டே வந்தான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் மாமா. "வண்டி தானா ஓடுற மாதிரி இருக்கு."

இரண்டு வருஷம் வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில்தான் பயிற்சி. பெயின்ட் டப்பாக்களின் மேல் துடைப்பக் கட்டைகள்தான் தாண்டுகம்பிகள். பழைய திரைச்சீலைகளை இரட்டைத் தையல் போட்டு அம்மா தைத்த குழாய், கடையில் விற்கும் குழாயைவிட உறுதி. அந்தக் குடும்பத்தில் யாரும் கைத்தொழிலில் குறை வைத்து ஒரு பொருளை வெளியே அனுப்பியது கிடையாது. நாயையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

சங்கடம் அளவெடுக்கும் இடத்தில் ஆரம்பித்தது.

முதுகின் உச்சி நாற்பத்து மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் நாய் நடுத்தரப் பிரிவு. அதற்கு மேல் போனால் பெரிய பிரிவு. கம்பியும் மேலே போகும். கடுகை இதற்கு முன் இரண்டு முறை அளந்திருந்தார்கள். ஒரு முறை நாற்பத்திரண்டு புள்ளி எட்டு. இன்னொரு முறை நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு. ஒரு தடவை மூச்சை விட்டிருப்பான், ஒரு தடவை இழுத்திருப்பான் என்பது மாமாவின் கருத்து. இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறை அளக்க வேண்டும் என்பது விதி.

"நாய் அசையாம நிக்கணும்," என்றார் அளவை அதிகாரி.

"எவ்வளவு நேரம் சார்?" என்று கேட்டாள் சின்னவள்.

"நான் கோலைப் பாக்கணும். பாத்ததை எழுதணும். எழுதினதை நடுவர் சரிபாத்துக் கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும்."

"நடுவர் எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கார்."

கடுகு பிறந்த நாளிலிருந்து அசையாமல் நின்ற நேரத்தையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் நடுவர் ஒரு டீ குடிக்கப் போதாது. கோல் முதுகில் பட்டதும் அவன் குனிந்தான். கோலை எடுத்ததும் நிமிர்ந்தான். பிறகு கோலையே முகர்ந்தான். அதிகாரி அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

அம்மா கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். "ஐயா, முப்பது வருஷமா அளவெடுக்கிறேன். துடிக்கிற குழந்தைக்கு எடுத்திருக்கேன், கூச்சப்படுற மாப்பிள்ளைக்கு எடுத்திருக்கேன். தச்ச துணி ஒண்ணு திரும்பி வந்ததில்ல. கொஞ்சம் நகருங்க." கடுகின் முன்னங்கால் பக்கத்தில் டேப்பின் நுனியை மிதித்துக்கொண்டு, முதுகில் விரலை வைத்து, ஒரு நொடியில் நிமிர்ந்தார். "நாப்பத்திரண்டரை. எழுதிக்குங்க."

"எழுத முடியாதும்மா. நீங்க எடுத்தது வீட்டளவு. உயரம்னா கமிட்டி ஒத்துக்கிட்டது."

"அது நின்னாலே அதுக்கு ஒரு உயரம் இருக்குமே?" என்றார் மாமா.

"இருக்கலாம். ஆனா எவ்வளவுன்னு நாங்க சொல்ற வரைக்கும் அது வெறும் நாய்தான்."

கமிட்டி கூடாரத்துக்குள் கூடியது. கமிட்டி என்றால் தலைவர், அளவை அதிகாரி, நடுவர். நாற்பது நிமிஷம் பேசினார்கள். வெளியே சின்னவள் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கடுகு அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினான். ஆறாவது சுற்றில் கயிறு மாமாவின் காலில் சிக்கியது. எட்டாவது சுற்றில் கூடாரத்தின் முளையில் சிக்கியது. கூடாரம் ஒரு பக்கம் சாய்ந்தபோதுதான் முடிவு வந்தது என்றாலும், இரண்டுக்கும் சம்பந்தம் இருந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

தலைவர் மைக்கில் படித்தார். முதல் அளவும் இரண்டாம் அளவும் ஒன்றையொன்று மறுக்கின்றன. மூன்றாம் அளவு கிடைக்கவில்லை. இரண்டின் சராசரியை எடுக்கலாம் என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார்; ஆனால் சராசரியை யாரும் கோல் வைத்து அளக்கவில்லை. ஆகவே மேற்படி நாயின் உயரம் தீர்மானிக்கப்படாதது. உயரம் இல்லாத நாய்க்குப் பிரிவு இல்லை. பிரிவு இல்லாத நாய் களத்தில் இறங்கக் கூடாது.

சின்னவள் நிமிர்ந்து நின்றாள். அந்த வீட்டில் பொது இடத்தில் யாரும் அழுவதில்லை.

"அப்ப என் பேரை எடுத்துடுங்க சார்," என்றாள்.

"எடுக்க முடியாது. பேரை எடுக்கணும்னா பதிவட்டை வேணும்," என்றார் அளவை அதிகாரி.

"காலையிலேயே உங்ககிட்டக் குடுத்தேனே."

"குடுத்த. அது இப்ப உயரம் நிலுவை பைல்ல இருக்கு. பைல் முடியாம அட்டை வெளிய வராது."

"அப்ப நான் ஓடலன்னா?"

"காரணம் இல்லாம வரலன்னு அர்த்தம். ரெண்டு வருஷத் தடை. உனக்கும், நாய்க்கும்."

"அதுக்குத்தான் உயரமே இல்லன்னு சொன்னீங்க."

"தடை போட உயரம் வேண்டாம் பாப்பா."

ஓட்டத்துக்கு முன்னால் நடைப்பார்வை என்று ஒன்று உண்டு. நாய்களை வெளியே விட்டுவிட்டு, போட்டியாளர்கள் மட்டும் ஏழு நிமிஷம் களத்துக்குள் போய் வழியைப் பாடம் செய்வார்கள். பார்க்காதவர்கள் பார்க்க வேண்டிய காட்சி. பன்னிரண்டு பதின்மூன்று பெரிய மனிதர்கள், வீட்டில் தண்ணீர் கூடத் தானே எடுத்துக் குடிக்காதவர்கள், ஒருவரையொருவர் பார்க்காமல், காலடியில் இல்லாத ஒன்றைப் பார்த்து, "வா வா வா... இங்க... ஏறு... நில்லு... சபாஷ்" என்று கையை வீசிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போவார்கள். ஒருவர் திரும்பும் இடத்தில் இன்னொருவர் திரும்புவார். மோதிக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமல், இல்லாத நாயைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். தலைவர் எந்தப் போட்டிக்கு வந்தாலும் இந்த ஏழு நிமிஷத்துக்கு மட்டும் தவறாமல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அது முடிந்து நாய்கள் உள்ளே வந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேப்பர் படிக்க ஆரம்பித்துவிடுவார்.

சின்னவளும் நடந்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் நடந்தாள்.

அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கம்பிகள் பெரிய நாய்களின் உயரத்தில் இருந்தன; உயரம் இல்லாத நாய்க்கு எந்தக் கம்பியும் ஒன்றுதான் என்று யாரும் இறக்கவில்லை. தொடக்கக் கோட்டில் நடுவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கயிறு எங்கம்மா?"

"நாய் அங்க இருக்கு சார். கயிறும் அதோட கழுத்துலதான் இருக்கு."

"கயித்தைக் கழட்டிட்டுத்தான் ஓடணும்னு விதி இருக்கு. கழட்டாம ஓடினா நீக்கம்."

தொப்பிக்காரர் தன் கயிற்றைக் கொடுத்து உதவினார். சின்னவள் குனிந்து, காற்றிலிருந்து கயிற்றைக் கழற்றி, மடித்துக் கீழே போட்டாள். நடுவர் திருப்தியோடு தலையாட்டி விசில் ஊதினார்.

முதல் இரண்டு தடை வரை அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாவதில் கோபம் வந்தது. களத்துக்கு வெளியே அம்மாவின் கையில் இருந்த கடுகு, தன்னை விட்டுவிட்டு அவள் ஓடுவதைப் பார்த்து மைதானமே அதிரக் கத்தினான். அந்தச் சத்தம் காதில் விழ விழ அவள் கால் வேகமெடுத்தது. அவன் எங்கே வருவானோ அங்கே பார்த்தாள், எங்கே திரும்புவானோ அங்கே கையை வீசினாள். குழாயின் வாயில் "போ" என்றாள். மறு வாயில் "வா" என்றாள். மேசையருகே நின்றாள். நடுவர் காலி மேசைக்கு எதிரே வந்து, விரலை உயர்த்தி, "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு" என்று எண்ணினார். மேசையில் இருந்தது அசையவில்லை.

ஓட்டம் முடிந்தது. ஒரு கம்பி விழவில்லை. ஒரு தடை முன்னாலும் தயங்கி நிற்கவில்லை. பலகையின் மஞ்சள் பட்டையை மிதிக்காமல் தாவியதாக யாரும் பார்க்கவில்லை. நடுவர் தாளில் மூன்று முறை சரிபார்த்தார். பிழை பூஜ்யம். நேரம், அந்த வருஷத்திலேயே குறைவு.

"சுத்தமான ஓட்டம்," என்று மைக்கில் அறிவித்தார்கள்.

சின்னவள் மூச்சு வாங்க நின்றாள். யாரோ கை குலுக்கினார்கள். மாமா மட்டும், "நான் காலையில சரியாச் சாப்பிடல, அதனால இப்படித் தெரியுதா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அடுத்தது தொப்பிக்காரர். அவர் ஏழு வருஷத்தில் ஒரு முத்திரையும் வாங்காதவர். கோட்டுக்கு வந்தவர் தன் நாயைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், நாயைக் கொண்டுபோய்க் காரில் விட்டுவிட்டு வந்தார். காலிக் கயிற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு வியர்க்க வியர்க்க ஓடினார். முடிவில் நடுவர் பிழை எண் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஐந்து பிழை.

"என்ன சார் அநியாயம்? என்ன பிழை?"

"ஒன்பதாவது கம்பி. உங்க நாய் எப்பவும் ஒன்பதாவதைத் தட்டும். ஏழு வருஷமாப் பாக்குறேன்."

"கம்பி மேலேயேதான் இருக்கு, பாருங்க."

"இப்ப இருக்கு."

"சார், நாய் கார்ல தூங்குது."

"தூங்குற நாய்க்குப் பழக்கம் மாறிடுமா?" என்றார் நடுவர்.

மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். நல்ல பழக்கமுள்ள நாய் வைத்திருந்தவர்கள் நாயில்லாமல் ஓடினார்கள். கெட்ட பழக்கமுள்ள நாய்க்காரர்கள் வேறு நல்ல நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் மட்டும் பிடிவாதமாக உண்மையான நாயோடு இறங்கினார். அது குழாயின் நடுவில் நின்று காதைச் சொறிந்தது. அவரைக் கூட்டமே பரிதாபமாகப் பார்த்தது.

மாலை மூன்றரை மணிக்குத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"முப்பது வருஷமா இந்த விளையாட்டுக்கு உழைச்சிருக்கேன். ஒரு நாய் இதுவரைக்கும் என்னைப் பாத்து வாலாட்டினதில்ல. நாய்க்கு நன்றி உண்டுன்னு எவன் சொன்னானோ தெரியல. இப்ப பிழைப் பதிவேட்டை வரவழைச்சுப் பாத்தேன். பன்னிரண்டு வருஷத்துல ஆறாயிரத்து நானூறு பிழை. அத்தனையும் நாய் செஞ்சது. நிர்வாகம் செஞ்ச பிழைன்னு ஒண்ணு கூட அதுல இல்ல. ஏன்னா அதுக்குக் கட்டம் போடல." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "இந்தப் பொண்ணு இன்னைக்கு நம்ம கண்ணைத் திறந்துட்டா. குறை எங்க இருக்குன்னு இத்தனை வருஷம் தேடினோம். கயித்தோட மறுமுனையில இருந்திருக்கு."

கைதட்டினார்கள். சின்னவளை மேடைக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் அவளுடைய அட்டையில் மூன்றாவது முத்திரை குத்தியாகிவிட்டது. முத்திரை குத்த மட்டும் பைலிலிருந்து அட்டை வெளியே வரலாம் என்று உபவிதி இருந்ததாம்.

அவள் அம்மாவிடம் ஓடி வந்தாள். கயிறு இழுத்து இழுத்து அம்மாவின் உள்ளங்கை சிவந்திருந்தது.

"அம்மா, முத்திரை விழுந்துடுச்சு. மூணு. அணியில இடம் கிடைச்சுடுச்சு."

"யாருக்கு?"

சின்னவள் கடுகைப் பார்த்தாள். "அங்க போயிட்டா இவன் ஓடுவாம்மா. அங்க ஒழுங்கா அளப்பாங்க. இங்க எப்படி நடந்தா என்ன, போய்ச் சேர்ந்தாப் போதாதா?"

"தைக்காத சட்டைக்கு நான் பட்டன் போட்டதில்ல. நம்ம வீட்டுல யாரும் போட்டதில்ல. ஆனா இது உன் விஷயம். நான் ஒண்ணும் சொல்லல."

"இவ்வளவு சொல்லிட்டு ஒண்ணும் சொல்லலையாக்கா?" என்றார் மாமா.

சின்னவள் மேடைப் பக்கம் நான்கு அடி வைத்தாள், நின்றாள், திரும்பினாள், மறுபடி நான்கு அடி வைத்தாள். சந்தில் தாண்டிய இரண்டு வருஷமும் அட்டையை வாங்கச் சொன்னது. அவமானமோ வேண்டாம் என்றது. வாங்கிவிடலாம் என்றே முடிவு செய்தாள். அந்த நேரத்தில் தலைவர் தொடர்ந்தார்.

"பன்னாட்டுப் போட்டிக்கும் நம்ம அணி நாய் இல்லாமத்தான் போகும். கூண்டு வேண்டாம், தடுப்பூசி வேண்டாம், விமானத்துல குரைக்கிற சத்தம் வேண்டாம். மிச்சமாகுற இடத்துல நிர்வாகிகள் வர்றதா முடிவாயிருக்கு."

"எதிர் அணிக்காரங்க நாயோட வந்தா?" என்று மாமா கூட்டத்திலிருந்து கேட்டார்.

"அது அவங்க பலவீனம்."

சின்னவள் மூன்றாவது முறை திரும்பினாள். இந்த முறை நிற்கவில்லை. அம்மாவின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு நேராகத் தொடக்கக் கோட்டுக்குப் போனாள். களத்தை இன்னும் பிரிக்கவில்லை.

அளவை அதிகாரி ஓடி வந்தார். "பாப்பா, விதி தெரியுமா? ஒரே நாள்ல ஒரே எண்ணுல ரெண்டாவது தரம் இறங்கினா முதல் ஓட்டம் ரத்து. முத்திரை போயிடும். இடமும் போயிடும். இதையும் கணக்குல எடுக்க மாட்டோம், நாய்க்கு உயரம் இல்ல."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"கம்பியை இறக்கட்டுமா?" என்று மாமா கேட்டார். "இது பெரிய நாய்ங்களோட உசரம். இவனுக்கு அதிகம்."

"வேண்டாம்," என்றார் அம்மா. "மேலேயே இருக்கட்டும். சின்னதை வச்சுத் தாண்டினான்னு ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது."

நடுவர் சட்டென்று களத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "நான் பாக்கல. பாத்தா எழுதணும், எழுதக் கட்டம் இல்ல."

சின்னவள் கயிற்றைக் கழற்றினாள். இந்த முறை கயிற்றுக்குள் கழுத்து இருந்தது, சூடாக இருந்தது, நடுங்கியது. "போ" என்றாள்.

காலையிலிருந்து கட்டிப்போட்ட அத்தனை துடிப்பும் நான்கு காலில் புறப்பட்டது. முதல் ஐந்து தடை அவளுக்குக் கண்ணில் படவே இல்லை. அவன் காது மட்டும் தெரிந்தது. பலகையில் நகம் கிறீச்சிட்டது. குழாய்க்குள் இடி உருண்டது. பன்னிரண்டு கம்பமும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி ஆடி நின்றன. மேசையில் ஏறி, உட்கார மனமில்லாமல் உட்கார்ந்து, ஐந்து விநாடியும் அவள் முகத்தையே பார்த்து முனகினான். எண்ண ஆளில்லாததால் அவளே எண்ணினாள். ஒரு விநாடியையும் விழுங்காமல் எண்ணினாள். இல்லாத நாயோடு அவள் எடுத்த நேரத்தைவிட இது அதிகம். அவன் ஓர் இடத்தில் அகலமாகத் திரும்பினான், அவள் ஓர் இடத்தில் தாமதமாகக் கைகாட்டினாள். கடைசிக் கம்பியைத் தாண்டி வந்து அவன் அவள் மேல் தாவினான். இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள். அவள் சிரித்தாள். அன்று முழுவதும் அவள் சிரித்தது அப்போதுதான்.

பதிவட்டையை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்து எடுத்துவந்த அளவை அதிகாரி, மூன்றாவது முத்திரையின் மேல் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டு, அட்டையைச் சின்னவளிடமே கொடுத்துவிட்டார். அணியில் அவளுடைய இடம் இன்னொருவருக்குப் போனது. கடுகு பன்னாட்டுப் போட்டிக்குப் போகவில்லை. இனிமேலும் போகப் போவதில்லை.

இப்போது வெளியே ஒரு பேச்சு உலவுகிறது. அன்று சாயங்காலம் கடுகு பெரிய நாய்களின் உயரத்தில் இருபது தடையையும் ஒரு பிழையும் இல்லாமல் தாண்டினான் என்றும், நானூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றும், நடுவர் கண்கலங்கினார் என்றும் சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் மேல் உள்ள அன்பினால் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறு. எழுந்து நின்றவர்கள் வண்டி பிடிக்க எழுந்தவர்கள். நடுவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பதினேழாவது கம்பியைக் கடுகு பின்னங்காலால் தட்டினான். கம்பி விழுந்தது. ஐந்து பிழை.